ஆரணி அமெச்சூர் ரேடியோ சங்கத்தின் நிரந்தரத் தலைவர்

பரசுராமன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அன்று ஆரணி அமெச்சூர் ரேடியோ சங்கத்தில் மொத்தம் நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேருக்கும் பதவி கொடுத்தாகிவிட்டது. உறுப்பினர் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் மிஞ்சவில்லை. அதை அவர் ஒரு குறையாக நினைக்கவில்லை.

"கட்டமைப்பு முதல்ல. ஆளுங்க தானா வருவாங்க" என்றார்.

அவருக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. பழைய பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் பவர்லூம் மோட்டார் ரிப்பேர் கடை, அதற்கு மேல் மாடியில் வீடு. மனைவி ரேணுகாம்பாள் தறிக்காரர்களிடமிருந்து பட்டுச் சேலை எடுத்து, கைபேசியிலேயே படம் காட்டி, சென்னைக்கும் பெங்களூருக்கும் பார்சல் அனுப்புவார். குடும்பம் அந்தப் பார்சல்களில் நடந்தது. கடை, பரசுராமன் அதில் இருக்கும் நேரங்களில் நடந்தது.

ரேடியோ ஆசை அவருக்கு வேலூரில் பிடித்தது. மோட்டார் வாங்கப் போன இடத்தில் ஒருவர் கையடக்கமான ஒரு கருவியை வாயருகே வைத்து யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். போலீஸ்காரரோ என்று பரசுராமன் தள்ளி நின்றார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே விளக்கினார். அரசாங்கம் நடத்தும் தேர்வை எழுதி, உரிமம் வாங்கி, சொந்தமாக ஒரு குட்டி ரேடியோ நிலையம் வைத்துக்கொள்ளலாம். இணையம் வேண்டாம், கைபேசிக் கோபுரம் வேண்டாம், கூரையில் கட்டிய ஒரு கம்பி போதும். அதைக் கொண்டு இதேபோல் நிலையம் வைத்திருக்கும் எவரோடும், அவர் எந்த நாட்டில் இருந்தாலும், பேசலாம். வியாபாரம் பேசக் கூடாது. இது பொழுதுபோக்கு. உரிமம் உள்ள ஒவ்வொருவருக்கும் உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத ஓர் அழைப்புக்குறி உண்டு.

கடைசி வாக்கியம்தான் பரசுராமனின் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. தறிக்காரக் குடும்பத்தில் பிறந்து, அப்பா பெயரில் கடை, மாமனார் பெயரில் வீடு, மனைவி பெயரில் வியாபாரம் என்று வாழ்ந்தவருக்கு, தனக்கே தனக்கென்று அரசாங்கம் ஒரு பெயர் தரும் என்பது பெரிய விஷயமாகப் பட்டது. விழுந்து விழுந்து படித்தார், தேர்வு எழுதினார், உரிமம் வந்தது. ரேடியோ செட் வாங்கினார். களம்பூரில் ரைஸ்மில் வைத்திருந்த பாலுவும் உரிமம் உள்ளவர் என்று தெரிந்து, ஒரு காலையில் அவரைக் கூப்பிட்டார்.

"சிக்னல் எப்படி கீது? ஓவர்."

"நல்லா கீது. உங்களுக்கு? ஓவர்."

"எனக்கும் நல்லா கீது. ஓவர்."

அதற்குமேல் என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு நன்றி சொல்லி முடித்துக்கொண்டார்கள். அடுத்த வாரமும் அப்படியே. பேசுவதில் பரசுராமனுக்குச் சுவாரசியம் குறைந்தது. சங்கம் தொடங்கும் எண்ணம் அப்போதுதான் வந்தது.

இன்னும் இரண்டு பேர் அகப்பட்டார்கள். ஒருவர் கிளமெண்ட், ஆரணியில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் மாலை வரை மோர்ஸ் சாவியைத் தட்டிக்கொண்டிருப்பார். புள்ளியும் கோடுமாகத் தட்டுகிற அந்தத் தந்தி மொழிதான் அவருக்கு ரேடியோ. வாயால் பேசுவதைச் சற்று அநாகரிகமாகவே கருதினார். இன்னொருவர் நான்சி. செய்யாறு தொழிற்பேட்டையில் ஒரு காலணிக் கம்பெனியில் தரச் சோதனை மேற்பார்வையாளர். கம்பெனி பஸ்ஸில் போய்வருவார். அவர் ரேடியோவைக் கணினியோடு இணைத்து, காதுக்கே எட்டாத சிக்னலைக் கணினியை விட்டுப் படிக்கச் செய்வார்.

பரசுராமன் தலைவர், கிளமெண்ட் செயலாளர், நான்சி ஒருங்கிணைப்பாளர், பாலு பொருளாளர். மாதம் தவறாமல் கூட்டம். எல்லாக் கூட்டத்திலும் விவாதப் பொருள் ஒன்றுதான்: அமெச்சூர் ரேடியோவின் எதிர்காலம்.

எதிர்காலம் கவலைக்கிடமாக இருப்பதில் நால்வருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இளைஞர்கள் வருவதில்லை. எனவே 'இளைஞர் ஈர்ப்புக் குழு' ஒன்று பரசுராமன் தலைமையில் அமைக்கப்பட்டது. குழு ஒரு பாலிடெக்னிக்குக்குப் போயிற்று. பரசுராமன் வானொலியின் வரலாற்றை ஆரம்பத்திலிருந்து சொன்னார். சொல்லி முடித்தபோது மணி அடித்துவிட்டது. கொண்டுபோன செட் பையைவிட்டு வெளியே வரவில்லை. ஒரு மாணவி மட்டும் எழுந்து நின்றாள்.

"சார், இதுல யார் கூட பேசலாம்?"

"உலகத்துல யார் கூட வேணாலும் பேசலாம்மா."

"அத்த வாட்ஸ்அப்லயே பேசலாமே சார்?"

பரசுராமன் அந்தக் கேள்வியை மிகவும் பாராட்டினார். அதற்குப் பதில் தயாரிக்க ஒரு துணைக் குழு அமைக்கப்பட்டது. அந்தத் துணைக் குழு தன் அறிக்கையை இன்றுவரை தாக்கல் செய்யவில்லை.

பிறகு சின்னம் வந்தது. தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற நாடா ஒன்று, அதிலிருந்து மின்னல் கிளம்புவது போல் ஒரு சின்னத்தை பரசுராமன் வரைந்துவந்தார். ஆரணி என்றால் பட்டு, பட்டு என்றால் நாடா. மின்னல் நாடாவிலிருந்து வெளியே போக வேண்டுமா, வெளியிலிருந்து நாடாவுக்குள் வர வேண்டுமா என்று கிளமெண்ட் கேட்டார். வெளியே போனால் நாம் ஒலிபரப்புகிறவர்கள், உள்ளே வந்தால் கேட்கிறவர்கள். இது கொள்கைப் பிரச்சினை. கோடை முழுவதும் அதிலேயே போயிற்று. கடைசியில் இரண்டு பக்கமும் மின்னல் போட்டார்கள். அச்சானபோது அது நண்டு மாதிரி இருந்தது.

சங்கம் உடைந்தது அடுத்த வருஷம். எதிர்காலத் திட்ட வரைவில் முதல் பத்தியை எழுதும்போதே சண்டை வந்துவிட்டது.

"மோர்ஸ் தெரியாதவன் ரேடியோக்காரனே இல்ல" என்றார் கிளமெண்ட். "புதுசா வர்றவங்களுக்கு அத்த கட்டாயம்னு எழுதுங்க."

"சார், இன்னமும் தந்தி அடிச்சிகினு இருந்தா எவன் சார் வருவான்?" என்றார் நான்சி. "இனிமே டிஜிட்டல்தான்."

"டிஜிட்டலா? உன் கம்ப்யூட்டர் இன்னொருத்தன் கம்ப்யூட்டரோட பேசும். நீ பக்கத்துல உக்காந்து டீ குடிப்பே. அதுக்கு எதுக்கும்மா உனக்கு லைசென்ஸ்?"

"தட்றதுக்கு ஒரு வெரலு போதும் சார். அதுக்கும் எதுக்கு லைசென்ஸு?"

பரசுராமன் இருவரையும் அமைதிப்படுத்தினார். ஒற்றுமையைக் காக்க வேண்டுமானால் வலுவான தலைமை வேண்டும் என்றார். அதற்காகச் சங்க விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லி, சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வாசித்தார். தலைவர் பதவி இனி 'நிரந்தரத் தலைவர்' என்று அழைக்கப்படும்.

ஒற்றுமை உடனே ஏற்பட்டது. கிளமெண்ட்டும் நான்சியும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே வாசல் வழியாக வெளியே போனார்கள். வெளியே போனதும் கிளமெண்ட் 'ஆரணி மோர்ஸ் பேரவை' தொடங்கினார். நான்சி 'நெக்ஸ்ட் ஜென் டிஜிட்டல் ரேடியோ மன்றம்' தொடங்கினார். பாலு யார் மனதையும் புண்படுத்த விரும்பாமல் மூன்றுக்கும் பொருளாளராக இருந்தார்.

மூன்று அமைப்புகளும் ஒரே வாரத்தில் ஏறக்குறைய ஒரே வாசகத்தில் தீர்மானம் போட்டன. மற்ற இரண்டு அமைப்பைச் சேர்ந்தவர்கள் ரேடியோவில் கூப்பிட்டால் பதில் சொல்வதில்லை. பாலுவைத் தவிர்த்தால் மூன்றிலும் ஒவ்வொருவர்தான் இருந்தார்கள் என்பதால், இதன் பொருள், ஆரணியில் யாரும் யாரோடும் பேசுவதில்லை என்பதுதான். பாலு மூவரோடும் பேசியிருக்கலாம். ஆனால் தன் நடுநிலைமையை நிரூபிக்க அவரும் பேச்சை நிறுத்திவிட்டார்.

அமெச்சூர் ரேடியோ அமைப்பு ரீதியாக ஆரணியில் அவ்வளவு பலமாக எப்போதும் இருந்ததில்லை.

எது அசல் சங்கம் என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா? பரசுராமன் ஓடும் எழுத்து விளக்குப் பலகை ஒன்றை வரவழைத்தார். மொட்டை மாடியில் ஆண்டெனாக் கம்பத்தைவிட உயரமான இடம் வேறு இல்லை. அதிலேயே பலகையைக் கட்டி, ஒயரையும் கம்பத்தோடு சுற்றிக் கீழே கடை வரை இறக்கினார். முதலில் அழைப்புக்குறி சிவப்பில் ஓடும். பிறகு 'ஆரணி அமெச்சூர் ரேடியோ சங்கம், பதிவு பெற்றது' என்று பச்சையில். கடைசியாக 'நிரந்தரத் தலைவர்: பரசுராமன்' என்று எல்லா நிறத்திலும்.

மோட்டார் கொண்டுவந்த ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னாண்ணே, ஜிஎஸ்டி நம்பரை இம்மாம் ஒசரத்துல ஓட வுட்டுக்கீறீங்க?" என்று கேட்டார்.

ரேணுகாம்பாள் வேறு மாதிரி கேட்டார். "பொடவைக்கு ஒரு போர்டு வெச்சிருந்தா நாலு பேரு மேல ஏறி வந்திருப்பாங்க. இத்த பார்த்து எவன் வருவான்?"

"இது விளம்பரம் இல்ல ரேணு. அடையாளம்" என்றார் பரசுராமன்.

அதற்குப் பிறகு ரேடியோவில் ஓர் இரைச்சல் வந்தது. எந்த அலைவரிசைக்குப் போனாலும், மாவு மில்லுக்குள் தலையை விட்டது போல, 'கர்ர்ர்' என்று ஒரே சத்தம். யாரும் பேசாத காரணத்தால் இதைக் கண்டுபிடிக்கவே சில வாரங்கள் ஆயின. கிளமெண்ட்தான் முதலில் கவனித்தார். நான்சியின் கணினிதான் காரணம் என்று பேரவையின் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தார். குழுவில் அவரும் பாலுவும்தான் இருந்தார்கள். பாலு மூலமாகச் செய்தி நான்சிக்குப் போயிற்று. கிளமெண்ட்டின் பழைய செட் உளுத்துப்போய்விட்டது என்று நான்சி தன் குழுவில் எழுதினார். பரசுராமன் இதில் ஆழமான சதி இருப்பதாகக் கருதினார். ஆரணியின் ரேடியோ வளர்ச்சி பொறுக்காத யாரோ திட்டமிட்டுச் செய்கிறார்கள். அதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டார். முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும் அவரே.

இந்த நிலையில்தான் அவருக்கு மாநாடு நடத்தும் யோசனை வந்தது. 'அமெச்சூர் ரேடியோ: அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள்.' இரண்டு தெரு தள்ளி ஒரு கல்யாண மண்டபம் பிடித்தார். சென்னையிலிருந்து கண்ணகி அம்மையார் சிறப்பு விருந்தினர். தொலைத்தொடர்புத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மாநில அளவிலான ஒரு கூட்டமைப்பின் துணைத் தலைவி. அழைப்பிதழில் பாலுவின் பெயர் பந்தல்காரர் பெயருக்குக் கீழே வந்துவிட்டது. பாலு மூன்று அமைப்பிலிருந்தும் ஒரே குறுஞ்செய்தியில் விலகினார்.

மாநாட்டன்று காலை மண்டபம் நிறைந்திருந்தது. ரேணுகாம்பாளின் சொந்தக்காரர்கள், மோட்டார் வாடிக்கையாளர்கள், மதியம் வெஜிடபிள் பிரியாணி என்று கேள்விப்பட்டவர்கள். உரிமம் வைத்திருந்தவர்கள் மேடையில் இருந்த இருவர் மட்டும்தான். அதே நேரத்தில் கிளமெண்ட் தன் வீட்டு மொட்டை மாடியில் 'எதிர்கால மாநாட்டு எதிர்ப்பு மாநாடு' நடத்திக்கொண்டிருந்தார். நான்சி இணையத்தில் ஒரு மாநாட்டைத் தொடங்கிவிட்டு, யாராவது உள்ளே வருவார்களா என்று காத்துக்கொண்டிருந்தார்.

பரசுராமன் வரவேற்புரையில் வானொலியின் வரலாற்றை ஆரம்பத்திலிருந்து சொன்னார். கண்ணகி அம்மையார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார், பிறகு மேசைமேல் பூமாலை போட்டு வைத்திருந்த செட்டைப் பார்த்தார்.

"தலைவரே, எனக்கு எங்க கூப்பிட்டாலும் எதிர்காலம்தான். இதுவரைக்கும் ஒரு மாநாட்டுலகூட யாரும் செட்டை ஆன் பண்ணிப் பார்க்கல. நீங்களாவது பண்ணுங்களேன். யார்கிட்டயாவது பேசிக் காட்டுவோம், சபைக்கும் புரியும்."

பரசுராமன் மாலையை விலக்கி செட்டைப் போட்டார். 'கர்ர்ர்' என்று மண்டபமே அதிர்ந்தது. மைக் செட்காரர் தன் தவறு என்று நினைத்து ஓடிவந்து எல்லா ஒயரையும் பிடுங்கினார். சத்தம் நிற்கவில்லை. முன்வரிசையில் ஒரு குழந்தை அழத் தொடங்கியது.

கண்ணகி அம்மையாரின் முகம் அன்றைக்கு முதன்முறையாக மலர்ந்தது. கைப்பையைத் திறந்து ஒரு சின்ன ரேடியோவையும், அதில் மாட்டுகிற வளையம் போன்ற ஆண்டெனாவையும் எடுத்தார்.

"இது எங்கேர்ந்து வருதுன்னு பிடிச்சுடலாம். இந்த வளையத்தைத் திருப்பினா சத்தம் வர்ற திசை தெரியும். ஆனா ஒரே இடத்துலேர்ந்து பார்த்தா போதாது, ரெண்டு மூணு இடத்துலேர்ந்து திசை பார்த்துச் சொல்லணும். ஊர்ல வேற யார்கிட்ட செட் இருக்கு?"

பரசுராமன் துண்டைச் சரிசெய்துகொண்டார். "இருக்காங்க மேடம். ஆனா ஒரு தீர்மானம் கீது."

"என்ன தீர்மானம்?"

"அவங்க கூட பேசறதில்லன்னு."

"யார் போட்டது?"

"நான்தான். நிர்வாகம்."

"எனக்குத் தீர்மானம் இல்ல" என்று சொல்லிவிட்டு கண்ணகி அம்மையார், பரசுராமன் இடுப்பில் செருகியிருந்த கையடக்க செட்டை வாங்கி, ஆரணியில் யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிட்டார். இந்தச் செட் வேறு அலைவரிசையில் வேலை செய்வது. இதிலும் இரைச்சல் இருந்தது, ஆனால் அதற்கு நடுவே பேச முடிந்தது. முதல் அழைப்புக்கே கிளமெண்ட் பதில் சொன்னார். எதிர்ப்பு மாநாட்டை நடத்திக்கொண்டே அவர் காலையிலிருந்து காதில் செட்டை வைத்திருந்திருக்கிறார். அவர் முடிப்பதற்குள் நான்சியும் வந்துவிட்டார். இரைச்சல் எந்தத் திசையில் கூடுகிறது என்று ஆண்டெனாவைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார் கண்ணகி அம்மையார்.

"என் மாடிலேர்ந்து பார்த்தா மார்க்கெட்டுக்கு இந்தப் பக்கம் மேடம்" என்றார் கிளமெண்ட்.

"எங்க வீட்லேர்ந்து பழைய பஸ் ஸ்டாண்டுக்கு நேரா காட்டுது மேடம்" என்றார் நான்சி.

கண்ணகி அம்மையார் வளையத்தைப் பிடித்துக்கொண்டு மண்டபத்தைவிட்டு இறங்கினார். பரசுராமன் பொன்னாடையோடு பின்னால் போனார். பிரியாணிக்கு இன்னும் நேரம் இருந்ததால் சபையும் கூடவே நடந்தது. தெருவில் பார்த்தவர்கள் ஏதோ தேர்தல் வேலை என்று கும்பிடு போட்டார்கள். ஒரு தறிக்கூடத்திலிருந்து ஓர் ஆள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா தேடறீங்க?"

"சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு தேடறோம்" என்றார் பரசுராமன்.

அந்த ஆள் ஓடிக்கொண்டிருந்த தறிகளைத் திரும்பிப் பார்த்தார். "இந்த ஊர்ல சத்தம் இல்லாத எடம் எதுனா இருந்தா சொல்லுங்க. நானும் வரேன்."

அவர் தறிகள் அந்த இரைச்சலுக்குக் காரணமல்ல என்று வளையம் சொன்னது. அவற்றைத் தாண்டியும் அது முன்னால் இழுத்தது. அடுத்த தெருவில் சத்தம் இரண்டு பங்காயிற்று. பரசுராமனுக்குக் குதூகலம் தாங்கவில்லை. "நெருங்கிட்டோம் மேடம்! எவனா இருந்தாலும் வுடக் கூடாது. இன்னிக்கே புகார் குடுத்துடலாம்" என்றார். எதிர்ப்பக்கத்திலிருந்து கிளமெண்ட் வேர்த்து விறுவிறுத்து வந்தார். சந்துக்குள்ளிருந்து நான்சி வந்தார். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல், வளையத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். வளையம் மேலே காட்டியது.

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். 'நிரந்தரத் தலைவர்: பரசுராமன்' என்று எல்லா நிறத்திலும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பலகையின் மட்டமான பவர் சப்ளை இரைச்சலை உண்டாக்குகிறது, கம்பத்தைச் சுற்றிய ஒயர் அதை ஊர் முழுக்கப் பரப்புகிறது என்பதைக் கண்ணகி அம்மையார் மெல்லிய குரலில் கிளமெண்ட்டுக்கு விளக்கினார். அவர் குரலைத் தாழ்த்தியது பரசுராமனுக்காகத்தான். அது பரசுராமனை இன்னும் சுட்டது. காது மடல் வரை சிவந்துபோயிற்று. வாடிக்கையாளர்கள், மச்சான்கள், மைத்துனிகள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். தொண்டையைச் செருமினார்.

"இதைப் பத்தி ஒரு விசாரணைக் குழு போட்டு..."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரேணுகாம்பாள் வந்தார். மண்டபத்தில் பந்தி வேலையை விட்டுவிட்டு ஓடிவந்திருந்தார். கடைக்குள் போய் சுவிட்சை அணைத்தார்.

கண்ணகி அம்மையாரின் கையிலிருந்த ரேடியோ அடங்கியது. தகரக் கூரைமேல் பெய்த மழை சட்டென்று விட்டது போல இருந்தது. "மேல வீட்டுல உங்க பெரிய செட் இருக்கில்ல? வாங்க, பார்ப்போம்" என்று அவர் சொல்ல, நான்கு பேரும் மாடிப்படி ஏறினார்கள். வீட்டுக்காரி என்ற முறையில் ரேணுகாம்பாளும் ஏறினார்.

பரசுராமன் பெரிய செட்டைப் போட்டுக் குமிழைத் திருப்பினார். எங்கோ இரண்டு பேர் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கோ மோர்ஸ் தட்டியது. கிளமெண்ட்டின் விரல் தானாகத் தொடையில் தாளம் போட்டது. இன்னும் கொஞ்சம் திருப்பியபோது ஒரு தமிழ்க் குரல் வந்தது. வயதானவரின் குரல், நிதானமானது. இலங்கை அழைப்புக்குறி ஒன்றைச் சொல்லிவிட்டு, "இது யாழ்ப்பாணம். ஆராவது கேட்டுக்கொண்டிருக்கிறியளோ?" என்று கேட்டது.

பரசுராமன் குமிழிலிருந்து கையை எடுத்தார். உரிமம் வாங்கி இத்தனை வருஷத்தில் களம்பூருக்கு அப்பாலிருந்து அவர் கேட்ட முதல் தமிழ்க் குரல் அது. கடலைத் தாண்டி, தன் வீட்டு மாடிக்கு வந்து, யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கிறது. அவர் கை மைக்கை எடுத்தது.

"பதில் சொல்லுங்க, ஆனா ஆரணி அமெச்சூர் ரேடியோ சங்கம்னு சொல்லாதீங்க" என்றார் கிளமெண்ட். "திசை பார்த்துச் சொன்னதுல பேரவைக்கும் பங்கு கீது."

"அப்ப மன்றம் சும்மாவா வந்துது?" என்றார் நான்சி. "மூணு பேரையும் சொல்லுங்கண்ணா. அகர வரிசையில."

"அகர வரிசைன்னா என் சங்கம்தான முதல்ல வரும்" என்றார் பரசுராமன்.

"என் பேரவையும் ஆரணின்னுதான் ஆரம்பிக்குது!"

"இருங்க, இருங்க" என்றார் கண்ணகி அம்மையார். "வெளிநாட்டுத் தொடர்பு இது. முறைப்படி பார்த்தா மாநிலக் கூட்டமைப்பு சார்புல நான் பேசறதுதான் சரி."

யாழ்ப்பாணம் மறுபடி கூப்பிட்டது. கொஞ்சம் விட்டு இன்னொரு முறை. இங்கே நால்வரும் குரலை உயர்த்தியிருந்ததால் அந்தக் குரலின் கடைசி வார்த்தைகள் ரேணுகாம்பாளுக்கு மட்டும்தான் சரியாகக் கேட்டன.

"ஒருத்தரும் இல்லைப் போல" என்று சொல்லிவிட்டு அது நின்றுபோயிற்று.

அவர்கள் உடன்பாட்டுக்கு வந்து பரசுராமன் மைக்கை அழுத்தியபோது பதில் சொல்ல யாரும் இல்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். வெறும் காற்று மாதிரி ஒரு மெல்லிய இரைச்சல் மட்டும் வந்தது.

"அந்த மனுசன் எம்மா நேரம் கூப்ட்டுகினு இருந்தாரு, 'ஒருத்தரும் இல்லைப் போல'ன்னு சொல்லிட்டுப் போய்ட்டாரு" என்றார் ரேணுகாம்பாள். "'இன்னாங்க'ன்னு ஒரு வார்த்தை கேக்க இத்தினி பேர்ல ஒருத்தருக்கும் வாய் வரலியா?"

மண்டபத்துக்குத் திரும்பியபோது பிரியாணி தீர்ந்திருந்தது. சபையும் கலைந்திருந்தது. கண்ணகி அம்மையார் மூன்று அமைப்புகளையும் இணைக்க ஓர் ஒருங்கிணைப்புக் குழுவை வலியுறுத்திவிட்டு பஸ் ஏறினார். அந்தக் குழு வாட்ஸ்அப்பில் இப்போதும் இருக்கிறது. தினமும் காலையில் யாராவது அதில் ரோஜாப்பூ படம் போடுகிறார்கள்.

பரசுராமன் அன்று சாப்பிடவில்லை. கடையில் கழற்றிப் போட்ட மோட்டார்களுக்கு நடுவில் உட்கார்ந்து, ஒரு பேரிங்கைச் சுற்றிவிட்டுக்கொண்டே இருந்தார். ஊர் சிரித்ததைவிட, 'ஒருத்தரும் இல்லைப் போல' என்று மனைவி சொல்லிக்காட்டியதுதான் அவரை அரித்தது. அவர் இருந்தார். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். ஆனாலும் அந்த மனிதருக்கு ஒருத்தரும் இல்லை.

மறுநாள் பலகையை அவரே இறக்கினார். "பொடவை பேரு போட்டுக் குடுங்களேன்" என்று ரேணுகாம்பாள் கேட்டார். முடியாது, பத்துத் தெருவுக்கு ரேடியோ கெட்டுப்போகும் என்றார். ரேடியோவுக்காக அவர் ஒன்றை விட்டுக்கொடுத்தது அதுதான் முதல் தடவை.

பதவியையும் விட்டுவிடத்தான் பார்த்தார். விதிப் புத்தகத்தைப் புரட்டியபோது நிரந்தரத் தலைவர் விலகுவதற்கு அதில் வழியே இல்லை என்று தெரிந்தது. விதியைத் திருத்தலாமென்றால் கூட்டம் கூட்ட வேண்டும். கூட்டத்துக்கு உறுப்பினர் வேண்டும். உறுப்பினர் சேர்க்க வேண்டுமானால் நிர்வாகக் குழு ஒப்புதல் தர வேண்டும். நிர்வாகக் குழு எழுந்து போய் வெகுநாள் ஆயிற்று. எல்லாம் அவரே உட்கார்ந்து எழுதிய விதிகள். சட்டப்படி அவர் இன்றும் நிரந்தரத் தலைவர்தான்.

சில நாள் கழித்து, காலையில் கடை திறப்பதற்கு முன்னால், இரைச்சல் குறைந்திருக்கிறதா என்று சோதிக்கிற சாக்கில் கிளமெண்ட்டைக் கூப்பிட்டார்.

"வாத்தியாரே, இப்ப நாய்ஸ் எப்படி கீது? ஓவர்."

வாயால் பேசுவதை விரும்பாத கிளமெண்ட் வாயால் பதில் சொன்னார். "சுத்தமா இல்லீங்க. நேத்து ரஷ்யாவே கேட்டுது. ஓவர்."

"சரி. ஓவர்."

வழக்கமான மௌனம் விழுந்தது. அப்போது நடுவில் ஒரு குரல் புகுந்தது. கம்பெனி பஸ்ஸுக்காகத் தெருமுனையில் நின்றுகொண்டிருந்த நான்சி. "அண்ணா, இன்னிக்கும் பஸ் லேட்டு. பேஜாரா கீது. எதுனா பேசிகினு இருங்களேன்" என்றார். கிளமெண்ட் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் வேலையைப் பற்றிப் புலம்பினார். பரசுராமன் தாமிரக் கம்பி தரம் கெட்டுப்போனதைச் சொன்னார். பஸ் வந்ததும் நான்சி போய்விட்டார். மறுநாள் காலையில் அவரே முதலில் கூப்பிட்டார். பிறகு ஒருநாள் களம்பூரிலிருந்து பாலு, பேசலாமா என்று அனுமதி கேட்டுக்கொண்டு வந்தார். ஒருவருக்கொருவர் பதில் சொல்லக் கூடாது என்ற மூன்று தீர்மானங்களும் இன்னும் அமலில்தான் இருக்கின்றன. அவற்றை ரத்து செய்யக் கூட்டம் போடுகிற பொறுமை யாருக்கும் இல்லை.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு முற்பகல், பெரிய செட்டைத் திருப்பிக்கொண்டிருந்தபோது அந்தக் குரல் மறுபடி வந்தது. யாழ்ப்பாணம்தான். கடையில் ஒருவர் மோட்டாரோடு காத்திருந்தார். ரேணுகாம்பாள் மொட்டை மாடியில் இருந்தார். பரசுராமன் மைக்கை அழுத்தி அழைப்புக்குறியைச் சொன்னார். "ஆரணி அமெச்சூர் ரேடியோ..." என்று பழக்கத்தில் நாக்கு புரண்டது. நிறுத்திக்கொண்டார்.

"என் பேர் பரசு. ஊர் ஆரணி. ஓவர்."

"அட, வணக்கம் பரசு! நல்லாய்க் கேக்குது. என்ரை பேர் சிவநேசன். எப்பிடிச் சுகம்? ஓவர்."

"நல்லா கீறேன் சார். உங்க சிக்னலும் நல்லா கீது. ஓவர்."

சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது. அடுத்து என்ன என்று தெரியாமல் பரசுராமன் மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது.

"இஞ்சை விடியத் தொடக்கம் நல்ல மழை. அங்கையும் மழையோ? ஓவர்."

பரசுராமன் திகைத்தார். மாநாடு, எதிர்காலம், கட்டமைப்பு பற்றியெல்லாம் எவ்வளவோ பேசத் தெரிந்தவருக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு, எழுந்து மாடிப்படிக்கு ஓடினார்.

"ரேணு! மழை வருதா?"

"கண்ணு தெரியலியா? துணியெல்லாம் எடுத்துகினு கீறேன், ஜல்தி வாங்க, ஒரு கை புடிங்க!"

இரண்டு சேலைகளையும் ஒரு போர்வையையும் தோளில் வாங்கிப் போட்டுக்கொண்டு திரும்ப ஓடிவந்து உட்கார்ந்தார். நல்லவேளையாக அந்த மனிதர் காத்திருந்தார்.

"தூற ஆரம்பிச்சிருக்கு சார்" என்றார் பரசுராமன், நெற்றியைத் துடைத்தபடி. "மேற்கால நல்லா கறுத்துகினு வருது. அங்க எப்படி, காத்து கீதா? ஓவர்."